தென்னக அரும்பொருள் ஏல ஆணையமும் ஐம்பத்து மூன்று சந்தனப் பொட்டும்

திருடன் வீடு புகுந்து எடுத்துக்கொண்டு போனால் போலீசில் சொல்லலாம். நாமே இரண்டு பஸ் மாறிப் போய், டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, மூன்று இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பொருளை யார் மேல் புகார் கொடுத்துத் திரும்ப வாங்குவது? எடமலைப்பட்டி புதூரில் மாவு மில் வைத்திருக்கும் சின்னையாவுக்கு அறுபத்தாறு வயதில் இந்தக் கதிதான் வந்து சேர்ந்தது. அவர் கேட்டது ஒரு தேதி. ஒரே ஒரு தேதி. அதைச் சொல்ல ஓர் ஆணையம், ஓர் இயக்குநர், ஒரு முதுநிலை வல்லுநர், பதினான்கு பக்கப் படிவம் எல்லாம் இருந்தும் கடைசி வரை ஒருத்தர் வாயிலிருந்தும் அது வரவில்லை.

ஆவணி மாதம் தானேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறை மேல் 'மாரியாயி, எடமலைப்பட்டி புதூர், திருச்சி' என்று மட்டும்தான் இருந்தது. மாரியாயி சின்னையாவின் அம்மா. அவர் இறந்து பதினான்கு வருஷம் ஆகிறது. ஆனால் மில்லுக்கு 'மாரியாயி மாவு மில்' என்று பெயர் இருந்ததால் தபால்காரர் யோசிக்காமல் அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கடிதம் இங்கிலீஷில் இருந்தது. மிளகாய்த்தூள் அரைக்க வந்திருந்த ஒரு டீச்சர் தும்மிக்கொண்டே படித்துச் சொன்னார்.

எழுதியவர் எஸ்தர். கண்டோன்மென்டில் மருந்துக் கடை வைத்திருந்த எசக்கியேல் சாரின் மகள். அவர்கள் கொச்சியிலிருந்து வந்த யூதர்கள். மாரியாயிதான் அந்த வீட்டில் சமையல், சாமான், பிள்ளை வளர்ப்பு எல்லாம். எஸ்தருக்கு மூன்று வயதாகும்போது அவள் அம்மா ரஹேல் இறந்துபோனார். ஆறு வயதில் அப்பா கடையை மூடிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு பம்பாய்க்குப் போனார். போன மூன்றாம் மாதம் அவருக்கும் மாரடைப்பு. தங்கியிருந்த லாட்ஜில் பெட்டியும் போயிற்று, அதிலிருந்த, குடும்ப விவரம் எல்லாம் எழுதிய நோட்டுப் புத்தகமும் போயிற்று. தானேயில் உறவுக்காரர்கள் எஸ்தரை வளர்த்தார்கள். இப்போது எஸ்தருக்கு ஐம்பத்தொன்பது வயது.

'எங்கள் வழக்கப்படி அம்மா இறந்த நாளில் ஒரு விளக்கேற்றி இரவும் பகலும் எரிய விட வேண்டும்' என்று எழுதியிருந்தார். 'எனக்கு அந்த நாள் தெரியாது. நான் ஒரு தடவைகூட ஏற்றியதில்லை. அப்பா அதைத் தன் பழைய பிரார்த்தனைப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். ஊரைவிட்டுக் கிளம்பும்போது அதை மாரியாயி கையில் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அது இன்னும் இருக்கிறதா?'

பெற்ற தாயின் திதி தெரியாமல் ஒருத்தி ஐம்பத்தாறு வருஷம் இருந்திருக்கிறாள் என்பதைச் சின்னையாவால் தாங்க முடியவில்லை. மில்லை நிறுத்தினார். கடிதத்தின் கீழே இருந்த நம்பருக்குத் தன் பட்டன் போனிலிருந்து அடித்தார்.

"பாப்பா, நான் மாரியாயி மவன் சின்னையா பேசுறேன். உன்னைய இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவன்."

"அண்ணா, எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். புஸ்தகம் இருக்கா?" என்று கேட்டது ஒரு குரல்.

புத்தகம் இருந்தது. இருந்ததற்குக் காரணமே ஒரு கீழ்ப்படியாமைதான். கடவுள் பெயர் எழுதிய புத்தகம் கிழிந்துபோனால் யூதர்கள் அதை எரிக்கவும் மாட்டார்கள், குப்பையில் போடவும் மாட்டார்கள். மனிதரைப் போலவே மண்ணில் புதைப்பார்கள். எசக்கியேல் சார் முக்கியமானதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அட்டை பிய்ந்த அந்தப் புத்தகத்தை மாரியாயியிடம் கொடுத்து, "நல்ல மண்ணாப் பார்த்து ஒரு மரத்தடியில புதைச்சிடும்மா" என்றார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, ஒரு வரியை விரலால் தொட்டு, "இதுதான் ரஹேல்" என்றும் காட்டினார். காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மாரியாயிக்குப் புத்தகத்தைப் புதைக்க எப்படி மனசு வரும்? சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி பலகையில் வைத்துவிட்டார். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜை அன்று அந்தப் பக்கத்தைத் திறந்து, சார் காட்டிய வரியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். அவருக்குப் பின் சின்னையா வைத்தார். ஆக மொத்தம் ஐம்பத்து மூன்று பொட்டு.

எஸ்தர் போட்டோ அனுப்ப முடியுமா என்று கேட்டார். சின்னையாவின் போனில் அது வராது. வந்தாலும் அனுப்பியிருக்க மாட்டார். அவருக்கு வேறொரு பெருமை பிடித்துக்கொண்டது. "எதுக்கு பாப்பா போட்டோ? நானே படிக்க வச்சுத் தேதியைச் சொல்லிடறேன்" என்றார். அந்த வாரம்தான் பேப்பரில் அரைப் பக்கத்துக்கு ஒரு விளம்பரம் வந்திருந்தது: 'அரிய யூத நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், கலைப்பொருள்கள் சிறப்பு ஏலம். உங்கள் வீட்டில் புரியாத எழுத்தில் பழைய நூல் உள்ளதா? எங்கள் வல்லுநர்கள் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். தென்னக அரும்பொருள் ஏல ஆணையம், ஸ்ரீரங்கம்.'

புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மத்திய பஸ் நிலையத்தில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார். காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காற்றில் ஒரு தாள் பறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

ஆணையம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இருந்தது. 'மணமகள் அறை' என்ற பலகையை எடுக்காமல் அதன் கீழேயே 'மதிப்பீட்டுப் பிரிவு' என்று ஒட்டியிருந்தார்கள். முன்னால் இருந்த மேஜையில் பானுப்ரியா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வரவேற்பு அலுவலர்.

"ஐயா, பொருளைக் காட்டிட்டுப் போறீங்களா, வச்சிட்டுப் போறீங்களா?"

"காட்டிட்டுப் போறேம்மா. ஒரே ஒரு வரி படிச்சுச் சொன்னாப் போதும்."

"காட்டுறதுக்குப் படிவம் இல்லைங்களே. வைக்கிறதுக்குத்தான் இருக்கு. வச்சாத்தான் வல்லுநர் பார்ப்பாரு."

"பார்த்துட்டுக் குடுத்துடுவாங்கள்ல?"

"அதெல்லாம் உள்ள போட்டிருக்குங்க" என்று பதினான்கு பக்கத்தை நீட்டினாள். எல்லாம் இங்கிலீஷ். பொருள் எப்படிக் கிடைத்தது என்று ஒரு கேள்வி. விலைக்கு வாங்கியது, வாரிசாக வந்தது, அகழ்ந்து எடுத்தது என்று மூன்று கட்டம். சின்னையா நடந்ததைச் சொன்னார். பானுப்ரியா பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"புதைக்கச் சொல்லிக் குடுத்ததுன்னு கட்டமே இல்லைங்கய்யா. நீங்க புதைக்கிறதுன்னு சொன்னதால அதுக்குப் பக்கத்துல இதான் வருது" என்று அகழ்ந்து எடுத்ததில் டிக் போட்டாள். பிறகு அவருக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தாள். அரும்பொருளை வெறுங்கையால் தொடக் கூடாதாம். மஞ்சப்பையிலிருந்து மேஜைக்கு வர அந்தப் புத்தகத்துக்குக் கையுறை தேவைப்பட்டது. சின்னையாவும் போட்டுக்கொண்டார். நாற்பது வருஷமாக மாவில் ஊறிய கை அது. கையுறைக்குள் அது அவருக்கே யாரோ ஒருவருடைய கை மாதிரி இருந்தது.

மணமகள் அறையில் முதுநிலை வல்லுநர் அருள்ராஜ் இருந்தார். கே.கே. நகரிலிருந்து தினமும் ஆணையத்தின் காரில் வருபவர். புத்தகத்தை இடப்பக்கமாகத் திறந்தார். அந்த எழுத்து வலமிருந்து இடம் போவது என்பதால் அது கடைசிப் பக்கம். மாரியாயி அதை முதல் பக்கம் என்று நினைத்ததில் நியாயம் உண்டு. அவருக்குத் தமிழே படிக்க வராது. அருள்ராஜும் அதை முதல் பக்கம் என்றுதான் நினைத்தார். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு.

"அற்புதம்" என்றார் பூதக்கண்ணாடி வழியாக. "இந்த மஞ்சள் புள்ளிகள் என்ன?"

"சந்தனம் சார். சரஸ்வதி பூஜைக்கு எங்கம்மா வைப்பாங்க. அவங்களுக்கு அப்புறம் நான் வச்சேன்."

அருள்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் ஒப்படைப்பாளர். ஒப்படைப்பாளர் பொருளைப் பற்றிக் கருத்துச் சொன்னால் மதிப்பீடு செல்லாததாகிவிடும்." குனிந்து எண்ணினார். 'ஐம்பத்து மூன்று. தாவர நிறமி. நோக்கம் புலப்படவில்லை' என்று எழுதினார்.

"நோக்கம் கும்புடறதுதான் சார். அதை விடுங்க. அந்தப் பொட்டுக்குப் பக்கத்துல ஒரு வரி இருக்குல்ல, அதைப் படிச்சுச் சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."

"படிப்பதா?" அருள்ராஜுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. "ஐயா, இருபத்திரண்டு வருடமாக எபிரேய நூல்களை மதிப்பிடுகிறேன். ஒரு வரி படித்ததில்லை. படித்தால் அதில் யாராவது அழுதிருப்பார்கள், யாராவது செத்திருப்பார்கள். மனசு இளகிவிடும். விலை சரியாக வராது. எழுத்துத் தெரியாமல் இருப்பது என்னுடைய நடுநிலை. இதற்காகவே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்."

சின்னையா கைநீட்டிப் புத்தகத்தை எடுக்கப் போனார். அருள்ராஜ் மணி அடித்தார். ஒரு காவலாளி வந்து புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அதன் மேல் 'உருப்படி 18' என்று ஒட்டினான். சின்னையாவிடமிருந்து கையுறையையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த மூன்று வாரத்தில் அவர் ஸ்ரீரங்கத்துக்கு ஒன்பது தடவை போனார். மாவு அரைக்க வந்தவர்கள் பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திட்டிவிட்டு வேறு மில்லுக்குப் போனார்கள். எட்டாவது தடவைதான் இயக்குநர் ரங்கசாமியைப் பார்க்க முடிந்தது. இயக்குநரின் அறை மணமகன் அறை. உட்காரச் சொன்னார்; டீ வரவழைத்தார்; குரல் தேன் மாதிரி இருந்தது. அதற்குத்தான் சின்னையா மிகவும் பயந்தார்.

"நாங்கள் ஏலக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். ஏலம் என்பது மீன் மார்க்கெட்டில் நடப்பது. நாங்கள் வரலாற்றுக்கு அதன் விலையை நினைவூட்டுகிறோம். சொல்லுங்கள்."

"சார், அந்தப் புத்தகம் என்னுது இல்ல. எஸ்தர்னு ஒரு அம்மாவோடது. அவங்கப்பா எங்கம்மாகிட்ட நம்பிக் குடுத்தது."

"உங்களுடையது இல்லை என்றால் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை."

சின்னையா கொஞ்சம் யோசித்தார். "சரி, என்னுதுன்னு வச்சுக்குங்க."

"உங்களுடையது என்றால் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். பக்கம் ஒன்பதில் கையெழுத்து இருக்கிறது."

"அப்ப அந்தம்மா வந்து கேட்டா?"

"தாராளமாக. மூல உரிமையாளர் எசக்கியேல் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தோடு வர வேண்டும்."

"அவரு செத்து ஐம்பத்து மூணு வருஷம் ஆச்சு சார்!"

"அந்தச் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்றார் ரங்கசாமி, மனதார. "எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலானவர்களுக்கு இதே சிரமம்தான். அதனால்தான் எங்களிடம் இவ்வளவு பொருள் இருக்கிறது."

ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் சின்னையா. பொருளின் உருவம் ஆணையத்துக்குச் சொந்தமாம். கண்ணால் பார்த்து வரியை அப்படியே வரைந்துகொள்ளலாமா? ஏலம் கேட்கப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே பார்வை உண்டு, நாற்பது விநாடி, பேனா, பென்சில் கூடாது. சின்னையாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஒரு பொம்பள பெத்த தாயோட நாள் எதுன்னு கேக்குறா சார். நீங்க என்னய்யா உருவம் உரிமைன்னுட்டு..."

"உணர்ச்சி இருக்கட்டும்" என்றார் ரங்கசாமி. "விலைப்பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம். உணர்ச்சி உள்ள பொருள் கூடுதலாகப் போகும்."

ஒன்பதாவது தடவை போனபோது ஏலப் புத்தகம் அச்சாகி வந்திருந்தது. வழவழவென்று நூற்றெண்பது பக்கம். மில்லின் நான்கு நாள் வருமானம் அதன் விலை. சின்னையா வாங்கிப் புரட்டினார். உருப்படி 18 இரண்டு பக்கத்தை அடைத்திருந்தது. படம் தலைகீழாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 'திருச்சி அருகே மண்ணிலிருந்து மீட்கப்பட்டது. காவேரிக் கரையில் வாழ்ந்து மறைந்த, இதுவரை அறியப்படாத யூதப் பிரிவொன்றின் ஒரே சான்று. ஐம்பத்து மூன்று மர்மப் புள்ளிகள் அவர்களின் ரகசிய வான்கணக்காக இருக்கலாம்.'

"மேடம், இதை மட்டும் உங்க போன்ல ஒரு படம் புடிச்சு இந்த நம்பருக்கு அனுப்ப முடியுமா?" என்று பானுப்ரியாவிடம் கேட்டார். அவள் இருபுறமும் பார்த்தாள். மேஜைக்கு அடியில் வைத்து நாலைந்து பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்கய்யா. எங்கம்மா போய் ரெண்டு வருஷமாச்சு" என்றாள்.

அந்த ஆணையத்தில் ஒரே ஒரு ஆள்தான் வேலை பார்த்தாள், அதுவும் சட்டவிரோதமாக.

அரை மணி நேரத்தில் எஸ்தர் கூப்பிட்டார். முதலில் சிரித்தார். "அண்ணா, அரச குடும்பத்து முதுகு சொறியும் வெள்ளிக் கருவின்னு ஒண்ணு போட்டிருக்காங்களே, அது வேதம் வாசிக்கும்போது வரியைத் தொட்டுக் காட்டுற குச்சி. கை வச்சுத் தொடக் கூடாதுன்னு வச்சிருக்கோம்." அப்புறம் குரல் இறங்கியது. "அப்பா எழுத்துத்தான். 'என் மனைவி ரஹேல்'னு இருக்கு. அதுக்கு அப்புறம் தேதி இருக்கணும். அங்க எல்லாம் பொட்டா இருக்கு அண்ணா. ஒண்ணு மேல ஒண்ணு. ஒரு எழுத்தும் தெரியல."

சின்னையா பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா அன்பாக வைத்த பொட்டு. தான் பக்தியாக வைத்த பொட்டு. எந்தத் தேதியை அந்தப் பெண் வாழ்நாளெல்லாம் தேடினாளோ, அதையே பார்த்துப் பார்த்து மூடியிருக்கிறார்கள். ஆணையத்தின் மேல் இருந்த கோபம் அத்தனையும் ஒரு நிமிஷம் தன் மேலேயே திரும்பியது. "மன்னிச்சிடு பாப்பா" என்றார். எஸ்தர் அழவில்லை. "பொட்டு வச்சாங்களே, அது போதும்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டபோது அவருக்கு இன்னும் தாங்கவில்லை.

ஏலம் ஆயுத பூஜை அன்று. விடுமுறை நாள் என்பதால் பணக்காரர்கள் ஓய்வாக இருப்பார்கள் என்று ஆணையம் கணக்குப் போட்டிருந்தது. பத்தரை மணிக்கு நல்ல நேரம். ஏலப் புத்தகம் வாங்கியவர்களுக்கு அனுமதி உண்டு என்பதால் சின்னையாவும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். எதற்குப் போனார் என்று அவருக்கே தெரியாது. செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது அல்லவா, அப்படித்தான்.

மேடையில் மாவிலைத் தோரணம். துப்புரவுப் பணியாளர் மயிலம்மாள் சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். ஏலச் சுத்தியலுக்கு ஒரு பொட்டு. மைக்குக்கு ஒரு பொட்டு. கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மெஷின், பதிவேடு, இயக்குநரின் நாற்காலி எல்லாவற்றுக்கும் வைத்தார். அருள்ராஜ் தன் பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டி, அதன் கைப்பிடியில் வைக்கச் சொன்னார். உருப்படி 18 இருந்த கண்ணாடிப் பெட்டியிலும் மயிலம்மாள் பயபக்தியோடு ஒன்று வைத்தார். உள்ளே ஐம்பத்து மூன்று, வெளியே ஒன்று.

பொட்டு வைத்த மைக்கில், பொட்டு வைத்த பூதக்கண்ணாடியை ஆட்டியபடி அருள்ராஜ் பேசினார். "அன்பர்களே! இந்தப் புள்ளிகள் இந்தியாவில் வேறெங்கும் காணப்படாதவை. இவற்றை இட்டவர் யார்? எதற்காக இட்டார்? மூன்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதினோம். பதில் இல்லை. உலகத்துக்கே தெரியாத ஒன்றை ஆணையம் உங்கள் முன் வைக்கிறது."

முன் வரிசையில் ஒரு கோட்டுக்காரர் எழுந்தார். "ஒரு வரியாவது படித்துக் காட்ட முடியுமா?"

"இன்று சரஸ்வதி பூஜை" என்றார் அருள்ராஜ் கண்டிப்போடு. "பூஜையில் வைத்த நூலை இன்று படிக்கக் கூடாது. மரபு தெரியாமல் அரும்பொருள் வாங்க வராதீர்கள்."

கை தட்டினார்கள். கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்தார். மயிலம்மாள் இப்போது ஒவ்வொருவருக்கும் பொரி கடலைப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தார். சின்னையாவின் உள்ளங்கையில் ஒன்றை வைத்தார்.

பொரி. சின்னையா அதைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு வருஷம் அவருக்குப் பொரி கிடைக்கவில்லை. பத்து வயது. ஊரெல்லாம் பூஜை, வீட்டில் விளக்குகூட இல்லை, காலையில் கண்டோன்மென்டுக்குப் போன அம்மா வரவே இல்லை. பொரி வேண்டும் என்று வாசலில் உட்கார்ந்து அழுதார். மத்தியானம் அம்மா வந்தார். பிள்ளையைத் தொடவில்லை. வீட்டுக்குள்ளும் போகவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய், கட்டிய புடவையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். குடம் குடமாக. அப்புறம்தான் உள்ளே வந்தார். அன்று ஏன் அப்படிச் செய்தார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. எந்த வீட்டிலிருந்து வந்தால் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே நுழைவார்கள் என்று இந்த அறுபத்தாறு வயதுக்காரருக்குத் தெரியும். அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அம்மா பொழுது சாயும் வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். பூஜைக்கு விரதம் என்று சின்னையா நினைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஓடினார். அவசரத்தில் நம்பர் இரண்டு தடவை தப்பாகப் போனது.

"பாப்பா! தேதி தெரிஞ்சிடுச்சு! அந்த வருஷம் சரஸ்வதி பூஜை அன்னிக்குத்தான் உங்கம்மா போனாங்க. மத்தியானத்துக்குள்ள. எங்கம்மா தலைக்கு ஊத்திக்கிட்டதை நான் பார்த்தேன். தேதியை மறைக்கலம்மா அந்தப் பொட்டு. பொட்டுதான் தேதி!"

"எந்த வருஷம் அண்ணா?"

"எனக்குப் பத்து வயசு. அறுபத்தெட்டு."

எஸ்தர் போனை வைத்துவிட்டு எதிலோ தேடினார். மறுபடி கூப்பிட்டபோது மூச்சு வாங்கியது. "எங்க காலண்டர்ல அது பெரிய நோன்புக்கு முந்தின நாள். நாங்களும் நிலாவை வச்சுத்தான் எண்ணுவோம். இந்த வருஷம் அது... அண்ணா, அது இன்னிக்கு. எங்களுக்கு நாள் சாயங்காலத்துலதான் பிறக்கும், நேத்தே தொடங்கிடுச்சு. இன்னிக்குச் சூரியன் சாயற வரைக்கும் இருக்கு."

"அப்ப ஏத்து! பேசிட்டு நிக்காத, போய் ஏத்து!"

உள்ளே திரும்பி வந்தபோது விலை எங்கோ போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் மட்டும் அட்டையைத் தூக்கித் தூக்கி இறக்கினார்கள். சின்னையா நடுவில் போய் நின்றார்.

"நிறுத்துங்கய்யா! அந்தப் பொட்டு எங்கம்மா வச்சது. மாரியாயி. எடமலைப்பட்டி புதூர். செத்துப்போன ஒரு அம்மாவுக்கு வருஷா வருஷம் வச்சது. இந்தா, உங்க சுத்தியல்ல வச்சிருக்கீங்களே, அதே சந்தனம்தான்!"

எல்லோரும் சுத்தியலைப் பார்த்தார்கள். அதன் மேல் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. ரங்கசாமி மைக்கை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார்.

"அன்பர்களே, பெரியவர் சொல்வது பொய் என்றால் பொருட்படுத்தத் தேவையில்லை. உண்மை என்றால், ஓர் அரும்பொருளை ஐம்பத்து மூன்று முறை சேதப்படுத்தியதை அவர் ஒப்புக்கொள்கிறார், சட்டம் பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்த்தாலும், உரிமைக்காக ஒருவர் கண்ணீர் விடும் பொருள் இது என்பதை மறக்காதீர்கள். ஏலம் தொடர்கிறது."

இரண்டு அட்டையும் ஒரே சமயத்தில் மேலே போயின. காவலாளி வந்து சின்னையாவின் தோளில் கை வைத்தான். சுத்தியல் விழுந்தது. விழுந்த வேகத்தில் அதிலிருந்த சந்தனம் மேஜையில் ஒட்டிக்கொண்டது.

"மகிழ்ச்சியான செய்தி" என்று ரங்கசாமியின் தேன் குரல் வாசல் வரை துரத்தி வந்தது. "வாங்கியவர் ஒரு முதலீட்டு நிறுவனம். நூல் வெளிநாட்டில், பூமிக்கு அடியில் நாற்பது அடி ஆழத்தில், காற்றுப் புகாத பெட்டகத்தில் வைக்கப்படும். இனி யார் கையும் படாது. யார் கண்ணும் படாது. இதைவிட ஒரு நூலுக்கு என்ன மரியாதை செய்ய முடியும்?"

சின்னையா வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றிருந்த பேரனைத் தொடாமல், உள்ளேயும் போகாமல், கொல்லைக்குப் போய்ச் சட்டை வேட்டியோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். பிறகு சந்தனம் குழைத்தார். மில் மெஷினுக்கு வைத்தார், தராசுக்கு வைத்தார். சாமி பலகைக்கு வந்தார். புத்தகம் இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாக வெளுத்திருந்தது. அந்த வெறும் பலகையின் நடுவில் ஐம்பத்து நான்காவது பொட்டை வைத்தார்.

போன் அடித்தது.

"ஏத்திட்டேன் அண்ணா. எரியுது. இன்னும் சூரியன் இருக்கு." எஸ்தர் அழுதுகொண்டே பேசினார். வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்: "புஸ்தகம் என்னாச்சு?"

சின்னையாவின் தலையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்கப்பா புதைக்கச் சொன்னாருல்ல பாப்பா. எங்கம்மாவுக்கு மனசு வரல. இன்னிக்கு எல்லாரும் கை தட்டிப் புதைச்சிட்டானுங்க."